பயோடேட்டாவில் ஒரு வரி

"அனுபவம்னு ஒரு எடம் கீதுக்கா. இன்னா அடிக்கட்டும்?" என்று கேட்டாள், ரூத்தின் பயோடேட்டாவை அடித்துக்கொண்டிருந்த மலர். டோல்கேட்டில் அவள் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் சென்டரில் மின்விசிறி பெயருக்குத்தான் சுற்றியது.

ரூத் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். ராயபுரத்தில் அவள் அண்ணன் டெரிக் மாதா, புனிதர் சிலைகள் செய்து விற்கும் சுரூபக் கடையின் லெட்டர்பேடு. 'பதினோரு வருடமாக உதவியாளராகப் பணிபுரிகிறார்' என்று இருந்தது.

"ஹெல்பரா? நீதான் மாதாவுக்கு மூஞ்சி எழுதுறேன்னு சொன்ன?"

பழைய மரச் சுரூபங்களைச் சரிசெய்ய ஒரு தனியார் அருங்காட்சியகம் ஆள் தேடியது. வாரத்தில் மூன்று நாள் வேலை. செய்த வேலைகளின் படங்களையும் கேட்டிருந்தார்கள். அவள் போனில் நாற்பது படங்கள் இருந்தன. மாதா, சூசையப்பர், அந்தோணியார், அத்தனை முகமும் அவள் எழுதியது. முதல் ஐந்து வருடம் அவள் உப்புத்தாள் தேய்த்தவள்தான். பிறகு டெரிக்கின் வலது கை நடுங்க ஆரம்பித்தது. ஒரு தவக்காலத்தில் அந்தோணியாரின் கண்ணை மூன்று முறை எழுதி மூன்று முறை துடைத்தவர், கடைசியில் பின்னறைத் திரையை இழுத்துவிட்டு பிரஷ்ஷை அவள் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து சிலை கேட்டு வரும் சர்ச் சாமியார்களோடு முன்னால் அவர் பேசுவார், திரைக்குப் பின்னால் அவள் கண் எழுதுவாள். இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை. உண்மையை எழுதினால் அண்ணனின் கைக்கு என்ன ஆயிற்று என்று ஊர் கேட்கும். எழுதாவிட்டால் உப்புத்தாள் தேய்ப்பவளை யார் கூப்பிடுவார்கள்?

"அந்த வரிய காலியா வுடு மலரு. வந்துர்றேன்."

கடையில் டெரிக் தனியாக உட்கார்ந்திருந்தார். ரூத் தாளை மேசைமேல் வைத்தாள்.

"இத மாத்திக் குடுண்ணா."

"இன்னாத்துக்கு? அதான் கையெழுத்துலாம் போட்டு குட்த்தாச்சே."

"அந்தக் கையெழுத்தும் நான் போட்டதுதான்."

உண்மைதான். காலையில் அவர் சொல்லச் சொல்ல எழுதி, ரசீதுகளில் போடுவது போலவே அவர் கையெழுத்தையும் போட்டவள் அவள். உதவியாளர் என்ற சொல் வந்தபோது மட்டும் பேனா ஒரு கணம் நின்றது. அவர் அதைப் பார்த்தார், பார்க்காதது போல இருந்துவிட்டார்.

"கை போச்சுன்னு தெரிஞ்சா எவன் ஆர்டர் குடுப்பான்?"

"எழுதுற கை நல்லாத்தான கீது. நான் எங்க ஓடிட்டேன்? மூணு நாளு அங்க, மிச்ச நாளு இங்கதான்."

டெரிக் தன் வலது கையை இடது கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். "அப்போ எனுக்கு இன்னா வேல இங்க?"

ஊருக்குப் பயந்துதான் அண்ணன் மறைக்கிறார் என்று ரூத் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"மூக்கு ஒரு நூலு கோணினா நீதான கண்டுபுடிக்கிற," என்றாள் மெதுவாக. "எனுக்கு எங்க தெரியுது?"

டெரிக் எழுந்துபோய்த் திரையை ஒதுக்கினார். உள்ளே முகம் எழுதாத மாதா நின்றாள். "ஒரு பக்கம் புடி," என்றார். இருவருமாகச் சுரூபத்தைத் தூக்கி வந்து, தெருவைப் பார்த்த வாசலில் இறக்கினார்கள்.

"இங்கயே குந்திகினு எழுது. மியூசியத்துல போட்டோ கேட்டாங்கோல்ல? கையில பிரஷ்ஷோட இருக்கணும்."

மீன் விற்றுத் திரும்பிய புஷ்பவல்லி நின்றுவிட்டாள். "இன்னா டெரிக்கு, தங்கச்சியா எழுதுது?"

ரூத் அண்ணனைப் பார்க்கவில்லை.

"ஆமா," என்றார் டெரிக். "அதான் எழுதும்."

புஷ்பவல்லி காலிக் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். எதிர்க் கடைக்காரரும் எழுந்து வந்தார். மாதாவின் வெறும் கண்ணில் வெயில் விழுந்தது. ரூத் பிரஷ்ஷின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொண்டு மூச்சைப் பிடித்தாள்.