நாலாவது பூட்டு

மதியச் சாப்பாட்டுக்காகக் கடை மூடியிருந்த அரை மணி நேரத்தில், கண்ணாடிக்காரி மேசை விளக்கைக் கீழே இழுத்துவிட்டு, தீக்குச்சியைவிட மெல்லிய ஓர் எஃகுக் கொக்கியை அரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூக்குக்கண்ணாடிகளின் கடுகளவு திருகாணிகளைப் பதினெட்டு வருடமாக மாற்றிப் பழகிய விரல்கள். இரண்டு இழுப்பு, ஒரு துடைப்பு, வெளிச்சத்தில் ஒரு பார்வை. இன்னும் முடியளவு தடிமன் மிச்சமிருந்தது. அண்ணன் வீட்டில் போட்டிருந்த நாலாவது பூட்டின் சாவித் துவாரம் முந்தைய மூன்றையும்விடக் குறுகல்.

அது அண்ணன் வீடு ஆனதே ஒரே நாளில்தான். படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாவை ஆறு வருடம் பார்த்துக்கொண்டது அவள். அப்பா போய்ப் பத்து நாள்கூட ஆகவில்லை, வேலை முடிந்து வந்தால் கதவில் புதுப் பூட்டு. அவள் துணிமணி இரண்டு அட்டைப்பெட்டிகளில் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. ஜன்னல் வழியாக அண்ணன் சொன்னான்: "எல்லாம் எடுத்து வச்சாச்சு. சரியா இருக்கான்னு பாத்துக்கோ." அவள் ஒரு சொல் பேசவில்லை. பேசித் தீர்த்திருந்தால் ஆறியிருக்கும்.

சாவியில்லாமல் பூட்டைத் திறக்கும் கொக்கிச் செட்டைத் தேர்ந்தெடுக்கவே ஒரு வாரம் எடுத்துக்கொண்டாள். முதலில் பார்த்தது பதினைந்து துண்டு, தோலுறையோடு. கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி அலங்காரம். அடுத்தது அட்டை கனத்தில் ஒரு தகடு; கையில் எடுத்ததுமே வளைந்தது. மூன்றாவது, பேனாக்கத்தி போல ஆறு கொக்கிகள் கைப்பிடிக்குள் மடங்குவது. அவளுடைய திருப்புளிகளோடு கிடந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதையே வாங்கினாள். கீல் ஆடியது, நல்ல திருகாணியாக மாற்றி இறுக்கினாள். உதவாத மூன்று கொக்கிகளைக் கழற்றி எறிந்தாள். பூட்டைத் திருப்பிப் பிடிக்கும் தகட்டை மட்டும் பழைய கண்ணாடிச் சட்டத்தின் கம்பியில் தானே தட்டிச் செய்தாள்.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு விடுமுறை, அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போயிருப்பார்கள். உள்ளே போய் எதையும் எடுக்க மாட்டாள். ஒரு வாரம் அப்பாவின் நாற்காலியைச் சுவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள். ஒரு வாரம் சர்க்கரை டப்பாவில் உப்பு. ஒரு வாரம் அண்ணனின் சட்டைகளில் எல்லாம் இரண்டாவது பொத்தான் மட்டும் இல்லை. அண்ணன் பூட்டை மாற்றினான். பிறகும் மாற்றினான். ஒவ்வொரு முறையும் பூட்டுக் கடைக்காரரிடம் போய் அதே மாதிரியில் ஒன்று வாங்கிவந்து பழகினாள்.

"என்னம்மா, அண்ணனும் தங்கச்சியும் சேந்து என் கடையையே காலி பண்றீங்க?" என்று சிரித்தார் அவர். "அண்ணன் பாதியா எளச்சுட்டாரே!"

அன்று அவள் இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டாள்.

நாலாவது பூட்டு மூன்று வாரம் அவளை அலைக்கழித்தது. தேய்த்துத் தேய்த்து ஒரு கொக்கி முறிந்தே போனது. அடுத்தது வழிக்கு வந்த செவ்வாயன்று கதவைத் திறந்தவள், நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். கூடத்தில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குள்ளேயே காலில் செருப்பு. மடியில் ஒரு துணிப்பை.

"வா. மூணு வாரமா இப்படியே உக்காந்திருக்கேன்."

"வேலைக்குப் போகலையா, அண்ணி?"

"எங்க போறது? நான்தான் யாருக்கோ சாவி குடுக்கறேனாம். என் சாவியைப் பிடுங்கிட்டாரு. காலையில பூட்டினா சாயங்காலம்தான் திறப்பாரு."

அண்ணனைக் குறிவைத்து எறிந்த கல் யார் தலையில் விழுந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

"நாற்காலியைத் திருப்பி வச்ச அன்னிக்கே நீதான்னு தெரியும்."

"அப்புறம் ஏன் அவன்கிட்ட சொல்லலை?"

"சொல்லியிருந்தா அவரு நிம்மதியா தூங்கியிருப்பாரே." அண்ணி எழுந்தாள். "உன் துணியை மடிச்சுப் பெட்டியில வச்சது நான்தான். அன்னிக்கே வாயத் திறந்திருக்கணும்." வாசல் தாண்டியதும் திரும்பினாள். "சாவி இல்லாமப் பூட்ட முடியுமா?"

"திறக்கறதைவிட அது கஷ்டம்."

"முடியுமா?"

கண்ணாடிக்காரி மண்டியிட்டாள். கால் மணி நேரம் ஆனது. பூட்டின் நாக்கு நிலைக்குள் விழுந்த சத்தம் கேட்டதும் அண்ணி கதவைத் தள்ளிப் பார்த்து, தலையாட்டினாள்.

இருவரும் எதிர்ப்புற நிறுத்தத்துக்குப் போனார்கள். அண்ணியின் அக்கா வீட்டுக்குப் போகும் பஸ் வந்து நின்றது. அண்ணி ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை. இருட்டத் தொடங்கியபோது அண்ணன் வந்தான். குனிந்து சாவித் துவாரத்தை விரலால் தடவினான், கதவை இரண்டு தரம் இழுத்தான். திருப்திதான் போல. திறந்து உள்ளே போனான்.

கூடத்தில் விளக்கு எரிந்தது. சற்றுப் பொறுத்து அடுக்களையில். பிறகு படுக்கையறையில், அதன்பின் குளியலறையில். அப்பா கிடந்த அறையில், கடைசியாக மாடியில். வீடு முழுக்க ஜன்னல் ஜன்னலாக வெளிச்சம் ஏறுவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.