ஆற்றிலிருந்து பார்த்தால்

பக்கவாதம் வந்த பிறகு அப்பா ஆற்றைத் தொடவில்லை. சால்மன் மீன்கள் முட்டையிட ஆற்றில் ஏறிவரும்போது ஒருமுறை தண்ணீரில் கால் வைக்க வேண்டும் என்றார். அதற்கு வீட்டிலிருந்து கூழாங்கல் திட்டு வரை சக்கர நாற்காலி இறங்கும்படி ஒரு மரச் சாய்தளம் வேண்டும்.

எங்கள் ஆறு சட்டத்தால் காக்கப்பட்டது. ஒரிகனில் அணை கட்டப்படாமல் தப்பிய ஆறுகளில் ஒன்று. கரையில் புதிதாக எது கட்டினாலும் படகில் வருபவர் கண்ணில் படக்கூடாது. அந்த விதியைப் போராடி வாங்கியவர்களில் அப்பாவும் ஒருவர். எங்கள் வீட்டை மறைக்க அவர் வைத்த பைன் மரங்கள் வளர்ந்துவிட்டன. இப்போது வீட்டிலிருந்து ஆறு தெரிவதில்லை. இரைச்சல் மட்டும் கேட்கிறது.

கட்டப்போகும் இடத்தில் கழிகள் நட்டு, சாய்தளம் வரப்போகும் உயரத்தில் ஆரஞ்சு நாடா கட்ட வேண்டும். அதிகாரி ஆற்றின் மேற்பகுதியிலிருந்து படகில் வருவார். நாடா தெரிந்தால் அனுமதி இல்லை.

பக்கத்துப் பண்ணை ஓபல் ஹாஸ்கெட்டுக்கு இடுப்பு எலும்பு தேய்ந்தபோது அவர்களும் ஆற்றுக்கு இறங்கப் படிக்கட்டு கேட்டார்கள். அன்று ஆற்றைக் காக்கும் குழுவின் சார்பில் படகில் போய்ப் பார்த்தவர் அப்பா. தெரிகிறது என்று சொல்லிவிட்டார். ஓபல் கடைசிவரை மேட்டிலேயே இருந்து இறந்துபோனாள்.

இப்போது அதிகாரி அவள் மகள் கார்லா. கழி நடும்போது என்னிடம் வந்தாள்.

"மாரித், அந்த வளைவு வரும்போது நான் எதிர்க்கரைத் தூண்பாறையப் பாத்துக்கிட்டிருப்பேன். உங்கப்பாவ வீட்லயே இருக்கச் சொல்லு."

சொன்னேன். அப்பா கேட்கவில்லை. தானும் படகில் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். வண்டியில் மலையைச் சுற்றிப் படகுத்துறைக்குக் கொண்டுபோய், நான்கு பேர் தூக்கி ரப்பர் படகில் உட்கார வைத்தோம். அசைகிற கையால் பக்கக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். மற்றது மடியில் கிடந்தது.

வளைவு வந்தது. கார்லா துடுப்பை நிறுத்தி, எதிர்க்கரையில் வரிசையாக நிற்கும் கருங்கல் தூண்களைப் பார்த்தாள்.

"ஒண்ணும் தெரியல மிஸ்டர் டிவெட்."

"நீ அந்தப் பக்கம் பாக்குற. தெரியுது. வில்லோ புதருக்கு இடதுபக்கம்."

"அப்பா, சும்மா இருங்க" என்றேன்.

கார்லா திரும்பி அவர் முகத்தை மட்டும் பார்த்தாள். "எங்கம்மா படிக்கட்டும் இவ்வளவு தெரிஞ்சுதா?"

அப்பா கரையைப் பார்த்தார். படகு தானாக நகர்ந்தது.

"இல்ல. அது இதவிடக் கம்மிதான்."

"அப்ப இதுக்கு எப்படி அனுமதி குடுக்கிறது?" என்றாள் கார்லா. குரலில் கோபமே இல்லை. துடுப்பை எடுத்தாள். படகுக்குக் கீழே சால்மன்கள் கூட்டமாக ஏறிக்கொண்டிருந்தன. அப்பா கயிற்றை விடவில்லை. பின்னால் போய்விட்ட கரையையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவரைத் துடைத்துவிடப் போனேன். கை கால் எதுவும் நனைந்திருக்கவில்லை.

நான் கீழே இறங்கிக் கழிகளைப் பிடுங்கினேன். பிறகு முழங்கால் வரை தண்ணீரில் நின்றேன். மேலிருந்து அப்பா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். மரங்களுக்கு அப்பால் நான் இருப்பது அவருக்குத் தெரியாது. கால் மரத்துப்போகும்வரை நான் பதில் சொல்லவில்லை.