வால்வு திறக்கவில்லை

அந்தியூருக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தோட்டத்துக்குக் கோமளா போய்ச் சேர்ந்தபோது மதியம் ஒரு மணி. சிங்காநல்லூரில் சொட்டுநீர்ப் பாசனத்தைத் தானாக இயக்கும் கன்ட்ரோலர் பெட்டி செய்யும் பட்டறையில் புரோகிராம் எழுதுகிறவள் அவள்தான். அந்த வாரம் போன மூன்றாவது தோட்டம் இது. பஸ்ஸில் நின்று வந்ததில் இடுப்பு விட்டுப்போயிருந்தது.

மஞ்சள் போட்டிருந்த காட்டின் நடுவே மெயின் பைப் பிளந்து கிடந்தது. தண்ணீர் அடித்த வேகத்தில் நாலு பாத்தி செடியோடு போயிருந்தது. தோட்டக்காரர் கந்தப்பன் சத்தம் போடுவார் என்று நினைத்தாள். அவர் சத்தம் போடவில்லை.

"வால்வு தொறக்கலீங்க அம்மணி. மோட்டார் அது பாட்டுக்கு ஓடி, அழுத்தந் தாங்காம பைப்பு வெடிச்சிருக்குது. போன்ல பாத்தா எல்லாம் சரின்னு காட்டுச்சுங்க."

மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். வால்வைத் திற, மோட்டாரைப் போடு, உரத்தை விடு. மூன்றே வேலை. எதில் பிழை வந்தாலும் அதை விழுங்கிவிட்டு, 'சரி' என்று குறித்து, அடுத்ததற்குப் போகும்படி எழுதியிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் அவளே எழுதியது. "சும்மா சும்மா மோட்டார் நிக்குதுன்னு ஒருத்தரும் போன் பண்ணக்கூடாதுங்க" என்று முதலாளி அங்கப்பன் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் அந்த நாலு வரியைச் சேர்த்திருந்தாள். போன் வருவது நின்றுவிட்டது.

"தப்பு என்னோடதுங்க" என்றாள்.

கந்தப்பன் பைப்பைப் பார்த்தபடியே சொன்னார்: "தொறக்கலீன்னு ஒரு வார்த்தை வந்திருந்தாப் போதுமுங்க. நானே போயித் தொறந்துபோட்டிருப்பேன்."

அவள் அந்த நாலு வரியை அழித்தாள். ஒரு வேலை தவறினால் அடுத்தது தொடங்கக் கூடாது. அதுவரை செய்ததைப் பின்னிருந்து முன்னாக நிறுத்த வேண்டும். எது தவறியது என்று தோட்டக்காரருக்குச் சொல்ல வேண்டும். எழுதி முடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று.

வாழைக்குத் தனியாகப் போகும் லைனில் சோதித்தார்கள். கந்தப்பன் வால்வின் வயரைப் பிடுங்கினார். மோட்டார் ஓடவில்லை. அதை மாட்டிவிட்டு உரத் தொட்டியின் வயரைப் பிடுங்கினார். ஓடிய மோட்டார் நின்றது, பிறகு வால்வு மூடியது. அவர் போனில் செய்தி வந்தது: 'உரம் போகவில்லை. மோட்டாரை நிறுத்தி, வால்வை மூடியாயிற்று.' இரண்டு தரம் படித்துவிட்டுத் தலையாட்டினார்.

கோமளா அங்கப்பனைப் போனில் கூப்பிட்டாள். இதே புரோகிராம் முந்நூறு தோட்டங்களில் ஓடுகிறது.

"எல்லாத்துக்கும் மாத்துனா நாளைக்கு போன் ஓயாதுங்களே கோமளா?"

"ஓயாதுங்க. நான் எடுத்துக்கறேன்."

அவர் பெருமூச்சு விட்டார். "செரி, மாத்திப்போடுங்க."

மறுநாள் இருபத்திமூன்று பேர் கூப்பிட்டார்கள். பதினாறு பேரின் வால்வு நிஜமாகவே பழுது. மாசக்கணக்கில் அரைகுறையாகத் திறந்தே ஓடியிருக்கிறது. மீதி ஏழு பேருக்குப் பிழைச் செய்தி ஏன் வந்தது என்று அவளுக்கும் தெரியவில்லை. டீ ஆறிக்கொண்டிருக்க, நேரில் போய்ப் பார்க்க அந்த ஏழில் முதல் தோட்டத்தின் பெயரைத் தாளில் எழுதினாள்.