வாளிக்குக் கீழே விழுந்த தண்ணீர்

இப்போதெல்லாம் மனிதர்கள் எதையும் யோசித்துப் பார்ப்பதில்லை. ஒலிபெருக்கியில் யாராவது கத்தினால் போதும், தலையாட்டிவிடுகிறார்கள். லுசாக்கா நகரில் எங்கள் சந்தையும் அப்படித்தான். காலரா வந்ததும் சுகாதார ஆட்கள் வாசலில் குழாய் வைத்த வாளி ஒன்றை வைத்தார்கள். அதில் குளோரின் மருந்துத் தண்ணீர். "கையைக் கழுவுங்க" என்று கத்திவிட்டுப் போனார்கள். கழுவிய தண்ணீர் விழுவதற்குக் கீழே ஒரு தொட்டி.

நான் கருவாடு விற்கிறவன். நேற்று என் மனைவி கசூபாவைக் காலராக் கூடாரத்தில் சேர்த்துவிட்டேன். கண்ணெல்லாம் உள்ளே போய்விட்டது. வீட்டில் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கிறோம், நோய் எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. கூடாரத்துக்குள் என்னை விடவில்லை. கிடக்கிற கருவாட்டையாவது கட்டிவைப்போம் என்று காலையில் சந்தைக்கு வந்தேன்.

பக்கத்துக் கடைக்காரி நலுகுயி அந்தத் தொட்டித் தண்ணீரைச் சட்டியில் மொண்டு வந்து, தக்காளிமேல் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"ஏய், என்னடி பண்ற?"

"வாங்க பெரியப்பா. பெரியம்மாவுக்கு எப்படி இருக்கு?"

"அதை விடு. இது என்ன தண்ணி?"

"மருந்துத் தண்ணி. மோந்துதான் பாருங்களேன், மூக்கைத் துளைக்குது. வீணா சாக்கடையில ஊத்துறாங்க. காய்ல தெளிச்சா கிருமி கிட்ட வராதுல்ல?"

"கக்கூஸ் போயிட்டு வர்றவன்லாம் அதுலதானடி கை கழுவுறான்!"

"அதுக்குத்தான மருந்து போட்டிருக்கு? உங்க வீட்டுக்குன்னா நான் தெளிக்கிறதோட விடுறதில்ல, நல்லா முக்கித்தான் குடுப்பேன். பெரியம்மா உப்பு தொட்டுப் பச்சையா திங்கிறவங்களாச்சே."

பாசத்தோடு சொல்கிறாள். சிரித்துக்கொண்டே சொல்கிறாள்.

வாளிக்கு மருந்து ஊற்ற வந்த சுகாதாரப் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ! யாரு இப்படிப் பண்ணச் சொன்னது?"

"பண்ணாதேன்னும் யாரும் சொல்லலையேம்மா" என்றாள் நலுகுயி. பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சட்டியைப் போட்டுவிட்டுத் தரையில் மண்டியிட்டு, உள்ளங்கைகளைக் குவித்து மெல்லத் தட்டினாள். பெரியவர்களிடம் மன்னிப்புக் கேட்பவர்கள் தட்டுவதுபோல. "நல்லதுன்னுதான் பெரியப்பா செஞ்சேன்..."

அவளைத் திட்டவும் முடியவில்லை, தூக்கிவிடவும் முடியவில்லை.

சுகாதாரப் பெண் தொட்டியை உதைத்துக் கவிழ்த்துவிட்டு ஒலிபெருக்கியை எடுத்தாள். "தொட்டித் தண்ணியைக் காய்ல தெளிக்காதீங்க! புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது!" சந்தையே கை தட்டியது.

என் பின்னால் சோறு விற்கிறவள் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "நான் காய்ல எங்க தெளிச்சேன்? தட்டு மட்டுந்தான கழுவுறேன்."

"கவலைப்படாதீங்க பெரியவரே" என்றாள் சுகாதாரப் பெண். "அம்மா பிழைச்சுக்குவாங்க. இனிமே இங்க யாருக்கும் வராது, எல்லாருக்கும் புரிஞ்சுபோச்சு."

"சோத்துக்காரியைப் போய்க் கேளு, என்ன புரிஞ்சுதுன்னு" என்று சொல்லிவிட்டு, கருவாட்டை அப்படியே போட்டுவிட்டுக் கூடாரத்தின் பக்கம் நடந்தேன். அங்கேயும் என்ன தண்ணீர் கொடுக்கிறார்களோ.