தொண்ணூற்றொன்றாம் பக்கத்து அமைதி

பதிப்பக அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பிழையைக் காட்டி யாருக்காவது எரிச்சலூட்டிய நாட்களில் கண்ணாடியை விட்டுவிட்டு முன்பாதியை மட்டும் சொல்வார்கள். அவளுக்கு வருத்தமில்லை. மெய்ப்புப் பார்க்க வந்த இருபத்தாறு வருடத்தில், கண்ணில் பட்ட பிழை ஒன்றைக்கூட அவள் விட்டதில்லை.

இப்போது அவள் மேசையில் இருந்தவை, போன வருடம் இறந்துபோன ஒரு பெண் எழுத்தாளரின் முதல் இரண்டு நாவல்கள். நாற்பது வருடமாக அச்சில் இல்லாதவை. இரண்டையும் ஒரே புத்தகமாகக் கொண்டுவரப் பதிப்பாளருக்கு ஆசை. பழைய அச்சைப் பார்த்துக் கணினியில் அடித்து முடித்தும் ஆயிற்று.

முதல் நாவலை அவள் பத்தொன்பது வயதில், ஒரு பழைய நூலகப் பிரதியில் படித்திருந்தாள். கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே ஒரு காலைநேரம். ஏதோ கோபத்தில் சாத்தப்பட்ட ஓர் அறைக்கதவு. உள்ளே மூன்று வயதுக் குழந்தை அழுகிறது, வெளியே அதன் தாய். நூற்றுச் சொச்சம் பக்கமும் அந்தத் தாயின் மனதுக்குள்தான் ஓடுகின்றன. தொண்ணூற்றொன்றாம் பக்கத்தில் அழுகை சட்டென்று நின்றுபோகிறது. ஏன் என்று இல்லை. கடைசிவரை அவள் கதவைத் திறப்பதும் இல்லை. விமர்சகர்கள் அந்த அமைதியைப் பற்றி எழுதித் தள்ளியிருந்தார்கள். பூதக்கண்ணாடிக்கு அது எதுவும் மனதில் ஒட்டவில்லை. அழுகை ஏன் நின்றது? அந்தக் கேள்வியோடுதான் அவள் வேலைக்குச் சேர்ந்தாள், கல்யாணம் செய்துகொண்டாள், பிள்ளைகளைப் பெற்றாள். பிள்ளைகள் அழுதபோது கொஞ்சநேரம் கதவைத் திறக்காமல் நின்று பார்த்ததும் உண்டு. தன்னைப் பற்றி ஏதோ தெரிந்தது. அந்தப் பெண்ணைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

எழுத்தாளரின் மகள் கையெழுத்துப் போட்டால்தான் புத்தகம் வரும். அன்று காலை அவள் வந்தாள். பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்லும் வேலை. தோளில் ஒரு துணிப்பை.

"ரெண்டாவதைப் போட்டுக்குங்க. முதல் நாவல் வேண்டாம்" என்றாள், உட்காருவதற்கு முன்பே.

"படிச்சிருக்கீங்களா?"

"எதுக்குப் படிக்கணும்? டீச்சர்ல இருந்து எங்க சித்தி வரைக்கும் எல்லாரும் சொல்லியாச்சு. கதவுக்குப் பின்னாடி அழ விட்டாங்களாமே, அது நீதானேன்னு. கல்யாணத்துக்கு வந்தவங்க பரிசைக் குடுத்த கையோட அதைத்தான் கேட்டாங்க."

பூதக்கண்ணாடியின் கண் துணிப்பையில் இருந்தது. "உள்ள என்ன, கையெழுத்துப் பிரதியா?"

"ரெண்டு நோட்டு. ஆனா விட்டுட்டுப் போக மாட்டேன்."

மூலத்தை ஒருவர் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் அச்சில் சரிபார்ப்பது அங்கே வழக்கம். வாசிக்கும் சக ஊழியர் தொண்டைக்கட்டோடு வீட்டில் கிடந்தார்.

"அப்ப நீங்களே வாசிங்களேன். முதல் நோட்டை."

"வேண்டாங்கிற புத்தகத்துக்கு என்னத்துக்கு அக்கா பிழை பாக்கணும்?"

"எனக்காக. முப்பது வருஷமா ஒரு விஷயம் தெரியாம மண்டை குடையுது. நீங்க கதையைக் கவனிக்க வேண்டாம். பஸ் நேரம் சொல்ற மாதிரி சொல்லுங்க. கால்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாத்தையும் வாயால சொல்லணும். அப்படிச் சொன்னா அர்த்தம் உள்ளயே போகாது."

மகள் சிரித்துவிட்டாள். "அது எனக்குக் கைவந்த கலை. பதினெட்டு வருஷமா எத்தனையோ ஊருக்கு பஸ் அனுப்பியிருக்கேன். ஒரு ஊருக்கும் போனதில்லை."

வாசித்தாள். ஏற்ற இறக்கமே இல்லாத குரல். தாயின் ஏக்கம் கால்புள்ளி, அவள் கைவிட்ட படிப்பு கால்புள்ளி, குழந்தையின் அழுகை முற்றுப்புள்ளி. இடையில் ஒருமுறை சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். மூன்று மணி வாக்கில் தொண்ணூற்றொன்றாம் பக்கம் வந்தது.

"கதவு மூடியே இருந்தது முற்றுப்புள்ளி."

அச்சில் அடுத்த வரி, 'அழுகை நின்றுவிட்டது.' பூதக்கண்ணாடி அதில் விரலை வைத்துக் காத்திருந்தாள்.

"அவள் தரையில் உட்கார்ந்தாள் முற்றுப்புள்ளி. கதவுக்கு அடியில் விரல்களை நுழைத்தாள் முற்றுப்புள்ளி."

அந்த இடத்தில் நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். அவள் சொல்லவில்லை.

"உள்ளிருந்து நான்கு சிறிய விரல்கள் வந்து பிடித்துக்கொண்டன முற்றுப்புள்ளி. ஈரமாக இருந்தன."

முற்றுப்புள்ளி வரவில்லை. மகள் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வேறு குரலில், புள்ளிகள் இல்லாமல் வாசித்தாள்: "எழுந்து திறந்தால் விரல்களை எடுக்க வேண்டும். இருவருக்கும் மனம் வரவில்லை. கதவு மூடியே இருந்தது. அழுகை நின்றுவிட்டது."

"இது அச்சுல இல்லை" என்றாள் பூதக்கண்ணாடி.

"எப்படி இல்லாமப் போகும்?"

"அச்சுக் கோக்கிறவர் ஒரு வரி கோத்துட்டுத் திரும்ப நோட்டைப் பாப்பாரு. அதே வரி கீழ இன்னொரு தடவை வந்தா, கண்ணு அங்க போய் உக்காந்துக்கும். நடுவுல இருக்கிறது போச்சு. எங்க தொழில்ல நடக்கிறதுதான்."

"அப்ப இவங்க பக்கம் பக்கமா எழுதின அந்த அமைதி?"

"யாரோ ஒருத்தரோட கண் அசதி."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் வேறாக மாறியது என்று பூதக்கண்ணாடியால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவள் நோட்டைத் தன் பக்கம் திருப்பினாள். விடுபட்ட வரிகளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு. பக்கத்தில் எழுத்தாளரின் கையெழுத்தில் ஒரே சொல்: 'போகட்டும்.'

"அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள் மகள். "தெரிஞ்சும் யார்கிட்டயும் சொல்லலை. என்கிட்டகூட." கொஞ்சநேரம் தன் வலதுகை விரல்களைப் பார்த்தாள். "எனக்கு ஞாபகமே இல்லை அக்கா."

பிறகு ஒப்பந்தத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டாள். "ரெண்டையும் போடுங்க. ஆனா இதைச் சேக்காதீங்க."

"பிழைன்னு தெரிஞ்சே விடச் சொல்றீங்களா?"

"அம்மா விட்டதுதானே? ஊரே நாப்பது வருஷமா கதவுக்கு வெளிய நிக்குது. இன்னும் கொஞ்சநாள் நிக்கட்டும்." நோட்டுகளைப் பையில் வைத்தாள். "உங்களுக்குத் தெரிஞ்சாச்சில்ல? மண்டைக் குடைச்சல் போச்சா?"

மகள் போன பிறகுதான் பூதக்கண்ணாடி கவனித்தாள். கேட்டுக்கொண்டிருந்தபோதே அவளுடைய கை, பழக்கத்தில், 'இங்கே விடுபட்டிருக்கிறது' என்று அச்சில் சிவப்புக் குறி போட்டிருந்தது. அதன் கீழே வரிசையாகப் புள்ளிகள் வைத்தாள். திருத்த வேண்டாம், இருந்தபடியே இருக்கட்டும் என்று அந்தப் புள்ளிகளுக்குப் பொருள். இருபத்தாறு வருடத்தில் முதல்முறை.

தாளை எடுத்துக்கொண்டு பதிப்பாளரின் அறைக்குப் போனாள். கதவு சாத்தியிருந்தது. அவள் இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டுத் தரையில் குந்தி, கதவுக்கு அடியில் விரல்களை நுழைத்தாள். இரண்டாவது கணு வரை போயின. உள்ளே காற்று சில்லென்று இருந்தது.

"யாருய்யா அது?" என்றது உள்ளிருந்து பதிப்பாளரின் குரல்.

"நான்தான் சார். பேனா உருண்டுபோச்சு" என்றாள். விரல்களை உடனே எடுக்க மனம் வரவில்லை.