முக்கால்

"முக்கால்! ஏய் முக்கால்! தண்ணி பாட்டிலை மறந்துட்டு வந்துட்டியே!"

பள்ளி மைதானத்தின் கம்பி வேலிக்கு வெளியே நின்று அம்மா போட்ட சத்தத்தில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சலவைக் கூடத்தில் இஸ்திரி போட்டு முடித்த கையோடு, வேர்வை வழிய வந்திருந்தாள்.

தொடர் ஓட்டத்துக்கு ஆள் எடுக்கும் நாள் அது. எப்படியாவது அணியில் நுழைந்துவிட வேண்டுமென்று ஒரு மாதமாகத் தூக்கத்தில்கூட ஓடிக்கொண்டிருந்த மகளுக்கு மானமே போயிற்று.

"முக்காலா? அப்போ இவளுக்கு மூணு காலாடி?" என்றாள், வகுப்பிலேயே உயரமான நெட்டச்சி. கொல்லென்று சிரிப்பு.

மகள் வேலியருகே ஓடினாள். "என்னைக் கூப்பிட உனக்கு வேற பேரே கிடைக்கலியாம்மா?"

அம்மா சிரிக்கவில்லை. "ஏழாம் மாசமே பொறந்தவடி நீ. தராசுல முக்கால் கிலோ. 'பேர் வைக்க அவசரப்படாதீங்க, பொழைக்கிறதே சந்தேகம்'னு டாக்டர் கையை விரிச்சுட்டார். எனக்கு வந்துச்சே ஆத்திரம்! என் பொண்ணுக்குப் பேர் வைக்க வேண்டாம்னு சொல்ல இவர் யாருன்னு, தராசு காட்டினதையே பேரா வெச்சு, அவர் காதுல விழற மாதிரி கூப்பிட்டேன். உடனே என் விரலைப் பிடிச்சே பாரு, நர்ஸ் வந்துதான் பிரிச்சு விட்டாங்க. பிடிக்கலைன்னா சொல்லு, இன்னியோட விட்டுடறேன்."

மகள் பாட்டிலை வாங்கிக்கொண்டாள். விறுவிறுவென்று விளையாட்டு ஆசிரியர் முன்னால் போய் நின்றாள். அவரோ உயரத்தைப் பார்த்தே நாலு பேரை எழுதிக்கொண்டு நோட்டை மூடிக்கொண்டிருந்தார்.

"சார், யாரையும் ஓட விட்டுப் பார்க்கவே இல்லியே?"

"நீ பொடிசும்மா. அடுத்த வருஷம் பார்க்கலாம்."

"இந்த நாலு பேரோட ஒரே ஒரு தடவை சார். கடைசியா வந்தா அப்புறம் வாயே திறக்க மாட்டேன்."

அவர் விசில் ஊதினார். முதல் வளைவு வரை அவள்தான் கடைசி. பாதி தூரத்தில் ஒருத்தியைத் தாண்டினாள். அப்புறம் இன்னும் இரண்டு பேரை. கோட்டைத் தொட்டபோது முன்னால் இருந்தது நெட்டச்சி மட்டும்தான். அதுவும் ஒரு முழத் தூரத்தில்தான்.

ஆசிரியர் தலையைச் சொறிந்தார். கடைசியாக வந்தவளின் பெயரை நோட்டில் அடித்துவிட்டு, "சரி, உன் பேரைச் சொல்லு" என்றார்.

"முக்கால்."

"ரிஜிஸ்டர்ல இருக்கிற பேரைச் சொல்லும்மா. பனியன் முதுகுல அச்சடிக்கணும். இதைப் படிச்சா மத்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க சிரிப்பாங்க."

"முதுகைப் படிக்கணும்னா எனக்குப் பின்னாடிதானே சார் ஓடி வரணும்? சிரிச்சுக்கிட்டே வரட்டும்."