ஓட்டத்துக்கு முன்

விடிந்ததும் விடியாததுமாகக் கோயில் திடலுக்கு வந்தாள் சுடர்விழி. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நேராக நானூறு மீட்டர் ஓட்டத்தைத் தொடங்கினாள். காவலர் வேலைக்கான எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். உடல்தகுதித் தேர்வுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. வயது வரம்பின்படி இதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு.

கூடவே பயிற்சி செய்யும் தோழி வேம்பு, முதலில் கை காலை அசைத்து, கொஞ்சம் நடந்து, மெல்ல ஓடி உடம்பைச் சூடாக்கிக்கொள்வாள். சுடர்விழிக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு வரும். களை பறித்து, நெல்கட்டு சுமந்து வளர்ந்த உடம்புக்கு இந்தச் சீராட்டெல்லாம் எதற்கு என்பாள். வயல் வேலை செய்தவர்களுக்கு ஓட்டத்தில் அடிபடாது என்று யார்தான் எழுதிக் கொடுத்தார்களோ, நம் பக்கத்தில் பாதிப் பேருக்கு இந்த நினைப்புத்தான்.

அன்று பாதி ஓட்டத்தில் பின்தொடையில் சுரீர் என்றது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தசை லேசாகக் கிழிந்திருக்கிறது, ஆறும்வரை ஓடக் கூடாது, அதன் பிறகும் படிப்படியாகத்தான் ஓட வேண்டும் என்றார் டாக்டர். அவசரப்பட்டால் தேர்வையே மறந்துவிட வேண்டியதுதான் என்றும் எச்சரித்தார்.

சுடர்விழி கேட்பதாக இல்லை. நாலைந்து நாளில் வலி கொஞ்சம் அடங்கியதுமே, மறுநாள் காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவதென்று முடிவு செய்து, வேம்புவிடமும் சொல்லிவிட்டாள்.

அன்று மாலைதான் வெண்ணாற்றில் தண்ணீர் வந்தது. ஊரே மதகடியில் கூடியது; சுடர்விழியும் வேம்புவோடு போயிருந்தாள். கல்லணையில் திறந்துவிட்ட புதுக் காவேரித் தண்ணீர், நுரையும் சருகுமாகக் கரைக்குக் கரை விரிந்து வந்தது. பெண்கள் பூவும் நெல்லும் தூவினார்கள். எத்தனை வருடம் பார்த்தாலும் உடம்பு சிலிர்க்கும் காட்சி அது.

அவ்வளவு தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றும், வாய்க்கால் மதகை ஒரு சாண்தான் தூக்கினார்கள். கோடை முழுவதும் காய்ந்து வெடித்த கரை, நனைந்து பதமாவதற்குள் மொத்தத் தண்ணீரும் புகுந்தால் உடைத்துக்கொண்டு போய்விடும். சின்ன வயதிலிருந்து அவள் அறிந்ததுதான். ஆனாலும் இன்று, அத்தனை பெரிய ஆறு ஒரு சாண் வழியில் அடங்கி நுழைவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெடிப்புகள் ஒவ்வொன்றாக நீர் குடித்து மூடிக்கொண்டன. அவள் கை தானாகப் பின்தொடையைத் தடவியது.

காலையில் எத்தனை மணிக்கு வரட்டும் என்று வேம்பு கேட்டாள்.

"நாளைக்கு ஓடல வேம்பு. நல்லா ஆறட்டும். அப்புறமும் உன்னோட சேந்து நடந்து, உடம்ப சூடாக்கிட்டுத்தான் ஓடுவேன். காவேரித் தண்ணிக்கே மொதல்ல ஒரு சாண்தான் தொறக்கறாங்க. நான் மொத்தத்தையும் ஒரேயடியா தொறந்துவிட்டேன், கர ஒடஞ்சு போச்சு. உடம்புல எவ்வளவு பலம் இருந்தாலும், அத கொஞ்சம் கொஞ்சமாத்தான் எழுப்பணும்."